மூணாறு தலைப்பு

கல்லணையில் திறந்த தண்ணீர்
பாதி வழி தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.
வெண்ணாறு அதுவரை வெறும் மணல்.
ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.
நடவுக்கு வந்திருக்கும் பீகார் ஆட்களில் ஒருவன்
குளிக்க இறங்கி
குளிக்க ஒன்றுமில்லாமல் ஏறி வந்தான்.

பிந்தேஷ்வர் சதா.
அவனிடம் இருந்த தமிழ்:
கயிறு, நாத்து, கூலி, வீடு, நாளைக்கு, போதும்.
என்னிடம் இருந்த இந்தி: பானி.
பானி எப்போ என்றான்.
நாலு விரல் காட்டினேன்,
நாலு மணியா நாலு நாளா என்று அவன் கேட்கவில்லை.

உங்க ஊர் ஆறு?
கோசி என்றான்
கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவன் போல,
உடனே காதைத் தொட்டுக்கொண்டான்.

குச்சி எடுத்தான்.
மணலைக் கூட்டி மலை வைத்தான், நேபாள் என்றான்.
மலையிலிருந்து மூன்று கோடு:
சுன்கோசி, அருண், தமுர்.
சுன்கோசிக்குள் வந்து விழ இன்னும் நாலு.
தாமாகோசிக்கு
இடுப்புக் கயிற்றின் செப்புக் காசைக் காட்டினான்.
தூத்கோசிக்கு டீக்கடையை.
லிக்குவுக்கும் இந்திராவதிக்கும் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை,
பேரை மட்டும் இரண்டு தரம் சொன்னான்.
பிறகு எல்லாவற்றையும் ஒரே கோடாக இழுத்து
என் கால் கட்டைவிரலில் கொண்டுவந்து நிறுத்தினான்,
கங்கா.

எதிரே நின்ற எனக்கு
அது இருபத்தாறு வருஷமாக நான் காவலிருக்கும் இடம்.
என் காலடியில் தொடங்கும் ஒரு கோடு
போய் மூன்றாகிறது:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
இதுதானே இது, என்று மதகைத் தட்டிக் காட்டினேன்.
நஹி, நஹி.
கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
அங்கிருந்து பார்த்தேன்.
கோடு அப்படியேதான் இருந்தது.
தண்ணீர்தான் திரும்பி ஓடியது.

அவன் ஆறு
வழியெல்லாம் மொய் வாங்கிக்கொண்டே போகிறது.
இது பாகம் பிரித்தே தீர்கிற குடும்பம்.
கல்லணையில் ஒரு வெட்டு, இங்கே ஒரு வெட்டு,
பிறகு வாய்க்கால், கன்னி, மடை,
கடைமடையில் ஆற்றின் பேர் சொல்லத்
தவளை மட்டும்.
இருபத்தாறு வருஷத்தில்
ஆறுகள் சேரும் இடம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அவன் திருகுச் சக்கரத்தில் கை வைத்தான்.
பந்த்?
இறக்கினால் நிற்குமா, சைகையில் கேட்டான்.
நிற்கும், என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
அவன் சிரித்தான். விட்டு விட்டுச் சிரித்தான்.
பிறகு குனிந்து, தன் கோட்டின் கரையில்
ஒரு கூழாங்கல் வைத்து
வீடு என்றான்.
காலால் கோட்டை அழித்து
கல்லின் மேலாக வரைந்தான்.
ஒரு சாண் தள்ளி இன்னொரு கல். வீடு.
மறுபடி அழித்தான், மறுபடி வரைந்தான்.
மூன்றாவது கல்லைக் கையிலேயே வைத்திருந்தான்.

அரசன்மேட்டு நாய்கள்தான் முதலில் குரைத்தன.
அப்புறம் நுரை, வைக்கோல்,
ஒற்றைச் செருப்பு, ஒரு நீர்ப்பாம்பு,
அதற்குப் பின்னால்தான் ஆறு.
ஏ.ஈ. போனில் கத்தினார்: பாமணிக்கு நூறு கனஅடி குறை.
அடுத்த அழைப்பு கடைமடை வடுகநாதன்:
அண்ணே, எங்களுக்குன்னு இல்லையா?
இரண்டு பேருக்கும் சரி என்றேன்.
கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பிந்தேஷ்வர் மறு கைப்பிடியைப் பிடித்தான்.
பதினோரு சுற்று.

பதிவேட்டில் எழுதினேன்:
வந்தது இவ்வளவு, மூன்றிலும் போனது இவ்வளவு.
கூட்டினால் எப்போதும் கொஞ்சம் துண்டு விழும்,
மணல் குடித்தது என்று போடுவது வழக்கம்.
சுற்றியவர் பேர் எழுத அதில் கட்டம் கிடையாது.

குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு
பாலத்தில் நின்று கேட்டான்:
நாளைக்கும் இங்கேதானா?
ஆமா, எனக்கு முழு மாசமும் டூட்டி, என்றேன்.
அவன் தலையை ஆட்டினான்.
என்னையில்லை,
ஆற்றைக் காட்டினான்.